நூற்றுப் பதினைந்தாம் கூடு

கணபதி கடைக்கு வந்தபோது கவுண்டரில் இரண்டு பேர் அடையாள அட்டைக்கு நகல் எடுக்க நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை சுவரோரமாக ஒதுங்கி நின்றார். பச்சை ஸ்வெட்டர், முழங்கை இரண்டிலும் ஓட்டை. ஸ்டோர் என்கிற தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கிற வேலை அவருக்கு. கிட்டே வந்ததும் தூளின் வாசமும் கூடவே வந்தது.

"தங்கச்சி, புறா பத்திரிகை கம்பியூட்டர்ல வருதே, அதுல எம்பேரு இருக்காம். அத ஒரு தாள்ல எடுத்துத் தர ஏலுமா?"

கவுண்டருக்குப் பின்னால் இருந்த நிஷாந்தினி பத்திரிகையின் வலைப்பக்கத்தைத் திறந்தாள். 'இதுவரையான சாதனைக் கூடுகள்' என்ற தலைப்புக்குக் கீழே முதல் பெயரே அவருடையதுதான். எஸ். கணபதி, நாவலமலைத் தோட்டம், கீழ் டிவிஷன், ஏழாம் லயம், ஹாலிஎல. முதலிடம் பத்தொன்பது தடவை.

"மாமா, நீங்கதான் நம்பர் வன்!" என்றாள். அவளுக்கு எதிலும் எளிதில் உற்சாகம் வராது. ஆனால் இந்தப் பக்கத்தை மூன்று மாதம் உட்கார்ந்து கட்டியவள் அவள். அதைத் தேடி ஒருவர் பஸ் ஏறி வந்தது இதுதான் முதல் தடவை.

கணபதி சிரிக்கவில்லை. திரையில் விரல் படாமல், ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். கலரில் எடுக்கலாமா என்று கேட்டார். பிளாஸ்டிக் போட்டுத் தருவீர்களாமே என்றார். லேமினேட் செய்த தாள் இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வந்ததும் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மழ பட்டா ஒன்னும் ஆகாதா?"

"தண்ணிக்குள்ள போட்டு வச்சாலும் ஆகாது."

தலையை ஆட்டினார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் தாளை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு ஒட்டவைத்து, கையால் அணைத்துக்கொண்டு பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தார்.

நிஷாந்தினிக்கு இருபத்தாறு வயது. கொழும்பில் ஒன்றரை வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு விட்டாள். பிறகு எங்கோ ஒரு நாட்டு வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளைத் தொலைபேசியில் கேட்கும் இரவு வேலையில் சேர்ந்து அதையும் விட்டாள். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் நல்ல காரணம் ஒன்றும் இருக்கவில்லை. பகலில் தூங்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் றினாஸ் நானாவின் அச்சுக் கடையில் வேலை. றினாஸ் பதினான்கு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'கூடுதிரும்பி' என்று ஒரு பத்திரிகை போடுகிறார். எவ்வளவு தூரத்தில் விட்டாலும் கூட்டுக்குத் திரும்பி வருகிற புறாக்களைப் பழக்கிப் பந்தயம் விடுகிறவர்களுக்கான பத்திரிகை. தோட்டத்து ஆட்கள், டவுனில் கடை வைத்திருப்பவர்கள், ஆட்டோக்காரர்கள், மொனராகலையிலிருந்து சில விவசாயிகள் என்று வாசகர்கள். புறா வைத்திருந்தது றினாஸின் வாப்பா. றினாஸுக்குப் புறாவின் இறகு பட்டாலே தும்மல் வரும்.

பத்திரிகைக்கு ஒரு பழைய வலைத்தளம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் றினாஸின் மருமகன் செய்தது. நீலப் பின்னணியில் ஒரு புறா இடமிருந்து வலமாகப் பறந்துகொண்டே இருக்கும். போனில் பார்த்தால் எழுத்துகள் எறும்பு. "இதக் கொஞ்சம் மனுசன் பாக்குற மாதிரி மாத்து புள்ள" என்றார் றினாஸ். அவள் ஒரு சிஎம்எஸ்ஸை எடுத்துக்கொண்டாள். கட்டுரை, படம், பெயர், பந்தய முடிவு எல்லாவற்றையும் தனித்தனி அறைகளில் போட்டு வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் எதைக் கேட்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கிற மென்பொருள் அது. பழைய தளத்தில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் கடைசிப் புறாவரை அறுபது எழுபது பெயர்கள் கிடக்கும். புதியதில் முதல் மூன்று இடம் மட்டும், பெயருக்குப் பக்கத்தில் தங்கம், வெள்ளி, வெண்கல நிறத்தில் குட்டி இறகு. றினாஸுக்கு அது பிடித்திருந்தது. "நாப்பதாவது வந்தவன்ட பேர யாரு பாக்கப் போறாங்க?"

தரவைச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. ஒரே ஆள் ஒரு வருடம் எஸ். கணபதி, அடுத்த வருடம் கணபதி எஸ்., அதற்கடுத்த வருடம் நாவலமலை கணபதி. போன் நம்பரோ புது சிம் வாங்கும்போதெல்லாம் மாறும். மாறாமல் நின்றது விலாசம் ஒன்றுதான். ஆகவே ஒரே விலாசம் உள்ளவை எல்லாம் ஒரே கூடு, அகர வரிசையில் முதலில் வரும் பெயரை வைத்துக்கொள் என்று கட்டளை கொடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு கூடுகள் நூற்று எழுபத்தொன்றாகச் சுருங்கின. நாற்பத்தொரு குப்பை ஒழிந்தது. கோப்பை அதே பெயரில் சேமித்தாள், தளத்தில் ஏற்றினாள். பக்கம் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. எதையாவது முழுதாகச் செய்து முடித்தோம் என்ற எண்ணம் அவளுக்கு வந்து பல வருடமாகியிருந்தது. அன்றைக்கு வந்தது.

கணபதி வந்துபோய்ப் பத்தாம் நாள் போன் அடித்தது.

"பத்திரிகை மிஸ்ஸா? நான் லூக்காஸ் பேசுறேன். உசுரோடதான் இருக்கேன்."

"வெளங்கல்லியே?"

"இல்ல, ஒங்க புதுப் பக்கத்தப் பாத்தா நான் செத்துப்போயிட்டாப்ல இருக்கு. எங்க தேடியும் பேரக் காணோம். பத்தொம்பது தடவ மொதல்ல வந்தவன் மிஸ் நானு."

பத்தொன்பது என்ற எண் காதில் விழுந்ததும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "ஒங்க விலாசம்?" என்று கேட்டாள்.

"நாவலமலைத் தோட்டம், கீழ் டிவிஷன், ஏழாம் லயம், ஹாலிஎல."

அவள் எதையும் தேடிப் பார்க்கவில்லை. தேவையிருக்கவில்லை. ஒரு லயத்தில் ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் பத்து வீடு, பத்து வீட்டுக்கும் ஒரே விலாசம். கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடும்போது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எல்ல என்ற ஊர்ப் பக்கத்து மலையில் அப்படியொரு லயத்தில் பிறந்தவள்தான் அவளும். அவளுக்கு வந்த கடிதங்கள் அதே பெயருள்ள இன்னொருத்தியின் வீட்டில் நாலைந்து நாள் கிடந்திருக்கின்றன. கொழும்பில் போர்டிங் விலாசத்தைக் கொடுத்தாள், இங்கே வந்த பிறகு கடை விலாசத்தை. பிறந்த விலாசத்தை ஐந்து வருடமாக எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. மறந்துபோனாள் என்று சொன்னால் பொய். மறக்கப் பழகியிருந்தாள். அந்தப் பழக்கம் வேலையிலும் கை வைத்துவிட்டது. ஒழிந்த நாற்பத்தொன்றில் பாதிக்கு மேல் குப்பை அல்ல, ஆட்கள்.

றினாஸ் முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வருடாந்தக் கூட்டம். இந்தப் பட்டியலில் முதலாவதாக வரும் கூட்டுக்கு ஒரு கேடயம் கொடுப்பதாக அறிவித்திருந்தார்.

"பழைய சைட்ல ஈக்கும்தானே?"

"அத மூடி ஒரு மாசமாச்சு நானா."

"ஒன்ட பைல்?"

"சுத்தம் பண்ணினத அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"அப்ப பழைய இதழ்கள்ள பாத்து அடி." சொல்லிவிட்டு அவரே காலி அலமாரியின் பக்கம் திரும்பினார். "புது சைட் வந்திட்டே எண்டு பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன். மூணு சாக்கு" என்றார்.

முதல் இதழிலிருந்து ஒன்று விடாமல் யாரிடமாவது இருக்குமா என்று நிஷாந்தினி கேட்டாள். றினாஸ் யோசிக்கவே இல்லை.

"ஒரு ஆளுட்ட ஈக்கும். இதழ் ரெண்டு நாள் பிந்தினாலும் நேர்ல வந்து நிப்பாரு. நாவலமலை கணபதி."

வியாழக்கிழமை பஸ்ஸில் ஹாலிஎல போய், அங்கிருந்து ஆட்டோவில் ஏறும்போதும் அவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடம் ஒரே லயத்துக்காரனோடு பந்தயம் விட்ட மனிதனுக்கு யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டுதான் கவுண்டருக்கு வந்திருக்கிறார். தெரிந்துகொண்டுதான் மழை பட்டால் அழியுமா என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இரக்கமும் வரவில்லை. தான் போட்ட முடிச்சை அவிழ்க்க அவருடைய கையையே கேட்கப் போகிறோம் என்பது மட்டும் சங்கடமாக இருந்தது.

ஏழாம் லயத்தின் பின்புறத்தில் இரண்டு புறாக் கூடுகளும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. இரண்டுக்கும் கூரை துருப்பிடித்த தகரம். கணபதியின் கூட்டுக் கூரையில் ஒரு மூலை இற்றுப்போய், கையகல ஓட்டையில் உரப் பை செருகியிருந்தது. லூக்காஸ் ஒரு கல்லில் உட்கார்ந்து சோளம் பொறுக்கிக்கொண்டிருந்தார். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல்.

"வாங்க மிஸ். தொட்டுப் பாக்குறதுன்னா பாத்துக்கங்க. ஆவி இல்ல."

கணபதி கையில் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார். அவளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இந்தா நிக்கிறாரு சாம்பியன்" என்றார் லூக்காஸ். "பத்து நாளா எங்கிட்ட பேசல."

"பேசாமயா இருந்தேன்? சோளம் கேட்டேன்ல."

"ஆமா. கேட்டாரு. சாம்பியன் புறாவுக்கு நான் தீனி போடணுமாம்."

லூக்காஸின் சிரிப்பு அடங்கும்வரை நிஷாந்தினி காத்திருந்தாள். "தப்பு எங்க பக்கந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே விலாசம். கம்பியூட்டர் ஒரே ஆளுன்னு எடுத்துக்கிச்சு." அது சரியாக இல்லை என்று பட்டது. "நான்தான் அப்பிடி எடுத்துக்கச் சொன்னேன்."

"பொத்துவில் கடலோரத்துலேருந்து பறந்து வர்ற புறாவுக்கு எது என் கூடு, எது இவரு கூடுன்னு தெரியுது மிஸ். ஒருநாளும் மாறி எறங்கினதில்ல."

"ஒரு தடவ எறங்குச்சு" என்றார் கணபதி.

"அது ஒங்க பொட்டையத் தேடி வந்துச்சு. அந்தக் கணக்கு வேற."

கணபதியின் முகத்திலும் சிரிப்பு வந்து போனது. வீட்டு நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நம்பர் ஏது என்றார்கள். லூக்காஸ் தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கத்திலிருந்து எண்ணி, தான் மூன்றாவது, கணபதி நான்காவது என்றார். கணபதி கோயில் பக்கத்திலிருந்து எண்ணி, தான் ஏழாவது, லூக்காஸ் எட்டாவது என்றார். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று அங்கே ஒரு சின்னச் சண்டை நடந்தது. அவள் போனை எடுத்து வரைபடத்தில் இடத்தைக் குறிக்கப் பார்த்தாள். நீல வட்டம் ஒன்று விழுந்து இரண்டு கூட்டையும், லயம் முழுவதையும், பீலியையும், கீழே தேயிலைச் சரிவில் பாதியையும் மூடிக்கொண்டது.

போனைப் பைக்குள் வைத்தாள். "மாமா, ஒங்ககிட்ட பழைய இதழ் எல்லாம் இருக்காம்" என்றாள் கணபதியிடம்.

"எதுக்கு?"

"யாரு எத்தனாவது வந்தாங்கன்னு அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

லூக்காஸ் சோளம் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கூட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். கணபதி கோப்பையை வாசல் படியில் வைத்தார்.

"சரி பண்ணினா எம்பேரு எங்க வரும்?"

பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவும் செய்தது.

"வராது மாமா. புதுசுல மொத மூணு எடத்துக்கு மட்டுந்தான் பேரு."

"பழசுல வந்துச்சே."

"ஆமா. அதுல எல்லாப் பேரும் வந்துச்சு."

"ஒம்பதாவது வந்துருக்கேன். பதினாலாவது. இருவத்திரெண்டு. ஒருதரம் நாலாவது." அவர் முறையிடவில்லை. கடையில் சாமான் பட்டியல் சொல்வதுபோல் சொன்னார்.

"நாலாவது வந்த அன்னிக்கு லயம் முழுக்க டொபி மிட்டாய் குடுத்தாரு" என்றார் லூக்காஸ், கூட்டைப் பார்த்தபடியே. பிறகு, "கேடயம் கெடக்குது மிஸ். எம்பேரு இருந்தா போதும். இவரு பேர எடுக்கணும்னு நான் சொல்லல" என்றார்.

"எடுக்காம எப்பிடி? பொய்யில்ல அது?" என்று கணபதிதான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நேரம் ஆனது. உள்ளே கட்டிலுக்கடியிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. திறந்திருந்த கதவு வழியாக, முருகன் படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில் அந்தத் தாள் பளபளவென்று தொங்குவது அவளுக்குத் தெரிந்தது. வெளியே வந்தவரின் கையில் ஒரு சாக்கு. இதழ்களை வருடம் வருடமாகக் கயிற்றால் கட்டியிருந்தார். மேலேயிருந்த கட்டைப் பிரித்து அவள் ஒன்றைத் திறந்தாள். முடிவுப் பக்கத்தின் அடிப்பாதியில் கணபதியின் பெயர் இருந்த வரிக்குக் கீழே மட்டும் சிவப்புப் பேனாக் கோடு. அடுத்த இதழிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும்.

"திருப்பிக் குடுத்துருங்க. எலி இருக்கும், தரையில வைக்காதீங்க" என்றார்.

"கூடு ஒவ்வொன்னுக்கும் இனி நாங்களே ஒரு நம்பர் குடுக்கப் போறோம் மாமா. அப்பதான் மறுபடி கலக்காது. லூக்காஸ் மாமாவுக்கு நூத்திப் பதினாலு, ஒங்களுக்கு நூத்திப் பதினஞ்சு."

"வேற யாருக்கும் அந்த நம்பர் வராதா?"

"வராது."

"வூட்டுக்கா, கூட்டுக்கா?"

"கூட்டுக்கு."

லூக்காஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். "நம்ம பாட்டன் காலத்துலேருந்து இங்க கெடக்கோம். மொதல்ல நம்பர் கெடைக்கிறது புறாவுக்கா!"

வெள்ளியும் சனியும் நிஷாந்தினி தட்டச்சு செய்தாள். பெயர், இடம், நேரம், மறுபடி பெயர். தூங்கி வழியும்போதெல்லாம் சிவப்புக் கோடு கண்ணைப் பிடித்து நிறுத்தும். பதினேழாவது. முப்பத்தொன்பதாவது. ஒரு வருடம் முழுக்கக் கோடே இல்லை, அந்த வருடம் பருந்து அடித்துப் பாதிப் புறா போயிருக்கிறது என்று அவரே ஓரத்தில் குறித்திருந்தார். சனி பிற்பகலில் காணாமல்போன கூடுகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. பட்டியலில் லூக்காஸ் முதலாவது. நூற்றுப் பதினைந்தாம் கூட்டின் பக்கத்தைத் திறந்தாள். பெயர் இருந்தது. அதற்குக் கீழே, காட்ட ஒன்றுமில்லாத எல்லாருக்கும் தளம் காட்டுகிற அதே வாசகம்: முடிவுகள் எதுவும் இல்லை.

அந்த வாசகத்தை எழுதியதும் அவள்தான்.

அமைப்புகளுக்குள் போனாள். 'எத்தனை இடம் வரை காட்டுவது' என்ற கட்டத்தில் மூன்று என்று இருந்தது. அதை அழித்துவிட்டுக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். பக்கம் சரசரவென்று கீழே நீண்டது. இறகுகள் வரிசை குலைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறின. அவற்றைச் சரிசெய்ய இன்னும் இரண்டு மணி நேரம் பிடித்தது. அதன் பிறகுதான் றினாஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் போனில் கட்டைவிரலால் தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார்.

"பழைய மாதிரியே ஆக்கி வச்சீக்கிறியே புள்ள. புறா பறக்குறது மட்டுந்தான் கொற."

"ஆமா நானா."

"இவ்வளவு நீளத்துக்கு யாரு பாப்பாங்க?"

"அம்பதாவது வந்தவர் பாப்பாரு."

றினாஸ் கடைசிவரை தள்ளி முடித்தார். சாக்கிலிருந்த இதழ்களில் எங்கோ ஒரு இறகு இருந்திருக்க வேண்டும், இரண்டு தடவை தும்மினார். "ஒரு மாசம் ஈக்கட்டும். பொறகு பாப்பம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கேடயத்தை லூக்காஸ் வாங்கினார். கணபதியும் வந்திருந்தார். பின் வரிசையில் இருந்து கை தட்டினார், தேநீர் குடித்தார், சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். பிளாஸ்டிக் போட்ட தாளைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பொத்துவில் பந்தயம். காலை ஏழு மணிக்குப் புறாக்களைத் திறந்துவிட்டார்கள். புறா வந்ததும் அதன் கால் வளையம் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்ப வேண்டும், படம் வந்து சேரும் நேரம்தான் கணக்கு. எட்டு இருபத்து நான்குக்கு லூக்காஸின் படம் வந்தது, இரண்டாமிடம். ஒன்பது மணிக்குமேல் மலையில் மழை பிடித்துக்கொண்டது. படங்கள் ஒன்றொன்றாக இடைவெளி விட்டு வந்தன. பதினொன்று நாற்பதுக்கு முப்பத்தொன்றாவதாக ஒன்று. நனைந்த புறாவின் காலைப் பிடித்திருந்த கையில் பச்சை ஸ்வெட்டரின் நுனி.

நிஷாந்தினி வளைய எண்ணைப் பார்க்கப் படத்தைப் பெரிதாக்கினாள். புறாவுக்குப் பின்னால் கூட்டுக் கதவில் சிவப்புப் பெயிண்டில் 115 என்று எழுதியிருந்தது. ஒன்றுகள் இரண்டும் சரிந்திருந்தன. மேலே, கூரையின் இற்றுப்போன மூலையில் உரப் பையைக் காணவில்லை. அந்த இடத்தில் அவள் பிளாஸ்டிக் போட்டுக் கொடுத்த தாள் பளபளத்தது, நாலு மூலையிலும் ஆணி அடித்து. வெளியே தெரிந்தது வெறும் வெள்ளை. எழுத்து இருந்த பக்கம் உள்ளே, புறாக்களைப் பார்த்தபடி இருந்தது. மேலே விழுந்த மழைத்துளிகள் உள்ளே இறங்காமல் உருண்டு ஓரத்தில் வரிசையாகக் கோத்து நின்றன.